தவளை ரெண்டு, மொட்டை ஒண்ணு

ஜூன் 4

அண்ணா,

போன் எடுக்காததுக்கு முதல்ல காரணம் சொல்லிடறேன். இல்லன்னா நீ லீவு போட்டுட்டு பஸ் ஏறிடுவ. போன்ல நீ ஹலோ சொல்றதே இல்ல. "எத்தனை டம்ளர் தண்ணி குடிச்ச"ன்னுதான் ஆரம்பிக்கற. நான் கத்தறேன், நீ பதிலுக்குக் கத்தற, அம்மா நடுவுல நின்னு அழறா. அதனால இனிமே லெட்டர்தான். லெட்டர்ல கத்தினா பக்கத்து ரூமுக்குக் கேக்காது.

வேலை பிடிச்சிருக்கு. பல் செட் செய்யற லேப்னு சொன்னப்ப சிரிச்சியே, இங்க வந்து பாரு. மெழுகுல பல்லு அடுக்கக் கத்துக்கறேன். முன்பல் ஆறு அடுக்க ஒரு நாள் பூரா ஆகுது. லேப் நடத்தற அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பாத்துட்டு, "இதை மாட்டிக்கிட்டு சிரிச்சா எதிர்ல இருக்கறவன் ஓடிப்போயிடுவான்"னு சொல்லி, உருக்கிட்டு மறுபடி அடுக்கச் சொல்றாங்க.

விஷயத்துக்கு வரேன். இங்க பெரியவங்க ஆஸ்பத்திரில கிட்னி டாக்டரைப் பாக்க ஜூன் 20 தேதி கிடைச்சிருக்கு. நானே போன் பண்ணி, நாப்பது நிமிஷம் காத்திருந்து வாங்கினேன். என் ஃபைல் வேணும், முழுசா. கூரியர்ல போட்டுடு. நான் தனியாத்தான் போவேன்.

குழந்தைங்க ஆஸ்பத்திரில கடைசி நாள் நீ பண்ணினது இன்னும் எனக்கு ஆறலை. பதினெட்டு முடிஞ்சுடுச்சு, இனிமே பெரியவங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லிட்டு, டாக்டரம்மா உன்னை அஞ்சே அஞ்சு நிமிஷம் வெளியே உக்காரச் சொன்னாங்க. நீ நாற்காலியை விட்டு அசையலை. என்னைப் பாத்து "எப்படிம்மா இருக்க"ன்னு கேட்டாங்க. நீ "நல்லா இருக்கா மேடம்"னு பதில் சொன்ன. அப்ப நான் அங்க எதுக்கு, சொல்லு.

உன் தங்கச்சி

---

ஜூன் 8

குரங்கே,

பன்னெண்டாவது மாடில, லிஃப்ட் மெஷின் ரூம்ல உக்காந்து எழுதறேன். கீழ ஏறி இறங்க முடியாம சனங்க என்னைத் திட்டிட்டிருக்காங்க. திட்டட்டும். உனக்குப் பதில் எழுதிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன்.

ஃபைல் வராது. அது ஏதோ பேப்பர் கட்டுன்னு நினைக்கறியா? ஒன்பது வயசுல உன்னைத் தூக்கிட்டு ஓடின நாள்ல இருந்து ஒரு துண்டு சீட்டு விடாம தேதி போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். கூரியர்காரன் எங்கயாவது போட்டுட்டுப் போயிட்டா அப்புறம் நீ அழுவ, நான் அழுவேன். 20ஆம் தேதி காலைல நானே கொண்டு வரேன். உள்ள ஓடற கிட்னி என்னோடது. அதைப் பத்திப் பேசறப்ப நான் வெளியே பெஞ்சுல உக்காந்திருக்க முடியாது. கோவம் வந்தா வரட்டும்.

டப்பால நான் போட்டுக் கொடுத்த மாத்திரை ஜூன் கடைசி வரைக்கும் வரும். மறந்துடப் போற: காலைல தவளை ரெண்டு, மொட்டை ஒண்ணு, செங்கல் ஒண்ணு. ராத்திரி தவளை ரெண்டு, செங்கல் ஒண்ணு. தவளை மட்டும் ஒரு வேளை கூட தவறக் கூடாது. தவறினா உடம்பு கிட்னியை வேத்தாள்னு நினைச்சு விரட்ட ஆரம்பிச்சுடும்.

உன் லெட்டரைப் படிச்சுக் காட்டறப்ப அம்மா சமையல் ரூம்ல இருந்தே "முழுசாப் படிடா"ன்னு கத்தினா. சில வரியை விட்டுட்டுத்தான் படிச்சேன். தண்ணி குடி.

அண்ணன்

---

ஜூன் 17

அண்ணா,

நீ 20ஆம் தேதி வாசல்ல வந்து நிப்பன்னு தெரிஞ்சுதான் தேதியை 16க்கு மாத்திக்கிட்டேன். நேத்தே போயிட்டு வந்துட்டேன். டிக்கெட் போட்டிருந்தா கேன்சல் பண்ணிடு.

ரிசல்ட் முதல்ல சொல்லிடறேன், அதைத்தானே தேடுவ. கிரியாட்டினின் 1.1. எப்பவும் போலத்தான். கிட்னி கெட்டா அந்த நம்பர் ஏறும்னு எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் அவ்ளோ மக்கு இல்ல.

ஆனா நேத்து மக்கு மாதிரிதான் உக்காந்திருந்தேன். காத்திருக்கற இடத்துல எல்லாரும் அம்பது, அறுபது வயசு. சுவத்துல பொம்மை இல்ல, மீன் தொட்டி இல்ல. என் பேரைக் கூப்பிட்டப்ப பக்கத்துல இருந்த பெரியவர், "யாருக்கும்மா உடம்பு சரியில்ல, அப்பாவுக்கா"ன்னு கேட்டார். எனக்குத்தான்னு சொன்னேன். அவர் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே.

டாக்டர் நிமிந்து பாக்காம கேட்டார், "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" எனக்கு வாய்ல வந்தது தவளைதான், அண்ணா. "தவளை ரெண்டு"ன்னு சொல்லிட்டேன். அப்பத்தான் நிமிந்து பாத்தார். பக்கத்துல இருந்த நர்ஸ் சிரிப்பை அடக்கிட்டு ஏதோ தேடற மாதிரி குனிஞ்சாங்க. பச்சை மாத்திரை, வெள்ளை மாத்திரை, செங்கல் கலர் மாத்திரைன்னு கையால காட்டிட்டு வந்தேன். பேர் தெரியாது. எவ்ளோ மில்லிகிராம்னு தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? மாத்திரை அட்டையை நான் கண்ணால பாத்ததே இல்லையே. சின்ன வயசுல அட்டையை அழுத்தற சத்தம் கேட்டா வாந்தி எடுப்பேன்னு நீ ஞாயித்துக்கிழமை மாடிக்குப் போய் எல்லாத்தையும் உதிர்த்து டப்பால போட்டு எடுத்துட்டு வருவ. அட்டை, உறை எல்லாம் அங்கயே குப்பைக்குப் போயிடும். அப்ப எனக்கு ஒன்பது வயசு. சரி. போன மாசம் வரைக்கும் அதையே பண்ணினியே, அது யாருக்காக?

"இப்ப சாப்பிடறதையே சாப்பிடுங்க. ஜூலை 21 வாங்க, பழைய ஃபைலோட வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார். ஃபைலை அனுப்பு. கெஞ்சிக் கேக்கறேன்னு நினைச்சுக்காதே. அது என்னுது, கேக்கறேன்.

---

ஜூன் 21

மகாராணிக்கு,

தேதியை மாத்திட்டு சொல்லக்கூட இல்ல. பரவாயில்ல. பஸ் டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் எங்க போறதுன்னு தெரியாம சுத்தினேன். அம்மாகிட்ட பஸ் ரிப்பேர்னு சொல்லிட்டேன்.

யாருக்காகன்னு கேட்டிருக்க. நீ என் மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா ஒரு அறை விட்டிருப்பேன். நீ வாந்தி எடுத்தா மறுபடி மாத்திரை கொடுக்கணுமா வேண்டாமான்னு தெரியாம, அந்த வாந்தியில மாத்திரையைத் தேடியிருக்கேன் நான். தவளை குதிச்சு வயித்துக்குள்ள போகப் போகுதுன்னு சொன்னாத்தான் வாயைத் திறப்ப. இன்னிக்கு உனக்கு நர்ஸ் சிரிச்சது பெருசாப் போச்சு.

கடைசி மருந்துச் சீட்டு மட்டும் இதோட வெச்சிருக்கேன். கடைல காட்டு, கொடுப்பாங்க. ஃபைலை ஜூலை 21ஆம் தேதி நானே கொண்டு வரேன். இதுல பேரம் கிடையாது.

அண்ணன்

---

ஜூலை 1

அண்ணா,

சீட்டு கிடைச்சுது. ஒரே கிறுக்கல், எனக்கு ஒரு எழுத்தும் புரியலை. நீ ஜூலை 21 அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா நான் திரும்பிப் பாக்காம போயிடுவேன். சும்மா சொல்லலை.

மாத்திரை வாங்கிட்டேன். முனைக்கடைக்காரர் ரெண்டு நாள் அலைஞ்சு வரவழைச்சுக் கொடுத்தார். வேற கம்பெனியாம். தவளை பச்சையாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் குள்ளம். மொட்டையும் செங்கல்லும் அப்படியே. ஞாயித்துக்கிழமை உக்காந்து நானே உதிர்த்து டப்பால போட்டேன். அட்டை சத்தத்துக்கு வாந்தி வரலை. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

மேல் முன்பல் ஆறும் நேரா வந்துடுச்சு. லேப் அக்கா ஒண்ணும் சொல்லலை. அவங்க ஒண்ணும் சொல்லலைன்னா பாராட்டுன்னு அர்த்தமாம்.

---

ஜூலை 5

குரங்கே,

பல்லு நேரா வந்ததுல சந்தோஷம். அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சேன்.

தவளை குள்ளமோ நெட்டையோ, ரெண்டுதான். கம்பெனிக்குக் கம்பெனி அப்படித்தான் இருக்கும், நான் பாக்காத கம்பெனியா. நீ புதுசா எதையும் யோசிக்காத, கணக்கு மாத்தாத. ரெண்டு.

21ஆம் தேதி வரேன். நீ திரும்பிப் பாக்கலைன்னாலும் பின்னாடியே வருவேன்.

அண்ணன்

---

ஜூலை 22

அண்ணா,

நேத்து உன்னைத் தேடினேன். வர மாட்டேன்னு வேணும்னேதான் இருந்துட்டியா, லிஃப்ட்ல எவனாவது மாட்டிக்கிட்டானா, தெரியலை. வேண்டாம்னு சொன்னவ நான்தான். இருந்தாலும் தேடினேன்.

இதை வார்டுல படுத்துக்கிட்டு எழுதறேன், கையெழுத்து கோணலா இருக்கும். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாத.

கிரியாட்டினின் 2.4.

ஒரு வாரமாவே கால் வீங்கியிருந்துச்சு. நின்னுக்கிட்டே வேலை பாக்கறதால இருக்கும்னு விட்டுட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "மாத்திரை கொண்டு வந்திருக்கியா"ன்னு கேட்டார். டப்பாவைக் கொடுத்தேன். ஒரு தவளையை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, "இது அரை மில்லிகிராம்தாம்மா"ன்னார். பழசு ஒரு மில்லிகிராம்னு நீ அனுப்பின சீட்டைப் படிச்சுச் சொன்னார். ஒரு வேளைக்கு ரெண்டு மில்லிகிராம் உள்ள போகணும். அப்ப இதுல நாலு போட்டிருக்கணும். இருபது நாளா நான் பாதிதான் சாப்பிட்டிருக்கேன்.

மாத்திரை மேலயே பொடி எழுத்துல எழுதியிருக்கு அண்ணா. தினம் ரெண்டு வேளை கையில வெச்சுப் பாத்திருக்கேன்.

கடைக்காரர் மேல தப்பு இல்ல. "நாலு நாலா போடணும்"னு வாயால சொன்னார், உறை மேலயும் எழுதிக் கொடுத்தார். லேப்புக்கு நேரமாச்சுன்னு தலையை ஆட்டிட்டு வந்தேன். அப்புறம் உன்னை மாதிரியே உதிர்த்துட்டு உறையைக் குப்பைல போட்டுட்டேன். நீயும் ரெண்டுன்னு எழுதின. ரெண்டு தடவை எழுதியிருக்க. அந்த லெட்டரை டாக்டர் கேட்டார், காட்டினேன். படிச்சுட்டு மடிச்சுத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொண்ணும் சொன்னாங்க. அந்த மாத்திரையை அட்டையில இருந்து பிரிச்சே வைக்கக் கூடாதாம். காத்து பட்டா வீரியம் போயிடுமாம். ஒன்பது வருஷமா தப்பிச்சது அதிர்ஷ்டம்னு நர்ஸ் சொன்னாங்க.

கிட்னில ஊசி விட்டு துளி சதை எடுத்துப் பாத்தாங்க. உடம்பு கிட்னியை விரட்ட ஆரம்பிச்சிருக்கு. இன்னிக்குல இருந்து மூணு நாள் பெரிய மருந்து ஏத்தறாங்க. கேட்டா நல்லது, கேக்கலைன்னா என்னன்னு நான் கேக்கலை. பயமா இருக்கு.

---

ஜூலை 25, காலை

தங்கச்சி,

உன் ஆஸ்பத்திரி கீழ் தளத்துல, விசாரணை மேஜைக்கு எதிர்ல இருக்கேன். நேத்து மதியம் உன் லெட்டர் கிடைச்சுது. அப்படியே கிளம்பிட்டேன். 21ஆம் தேதி ஒரு லிஃப்ட்ல கர்ப்பிணிப் பொண்ணு மாட்டிக்கிட்டா, விட்டுட்டு வர முடியலை. அன்னிக்குன்னு பாத்து. அதை நான் என்னிக்கும் மறக்கப் போறதில்ல.

காலைல இருந்து ஒருத்தனும் எனக்கு வாயைத் திறக்க மாட்டேங்கறான். யாருக்கு விவரம் சொல்லலாம்னு பேஷன்ட்டைக் கேட்டாங்களாம். நீ யாருக்கும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கியாம். நான் அண்ணன்னேன். "இருக்கட்டும் சார், அவங்க மேஜர்"னு சொல்லிடுச்சு அந்தப் பொண்ணு. கிட்னி கொடுத்தவனே நான்தான்னு சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். எல்லாரும் பாத்தாங்க. அந்தப் பொண்ணு தண்ணி கொண்டு வந்து கொடுத்துட்டு, "அவங்க சொன்னா சொல்றோம் சார்"னு அதையே சொல்லுச்சு.

வார்டு ஆயாகிட்ட இதைக் கொடுத்து அனுப்பறேன். நம்பர் என்ன? அதை மட்டும் எழுதி அனுப்பு. வேற எதுவும் வேண்டாம்.

---

ஜூலை 25, மதியம்

அண்ணா,

அந்தப் படிவத்தை அட்மிட் ஆன அன்னிக்கு எழுதினேன். உன் லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு, அந்த ரெண்டைப் பாத்துக்கிட்டே எழுதினேன். மாத்தலாம்னு சொன்னாங்க. இன்னும் மாத்தலை.

நம்பர் நாளைக்குக் காலைலதான் வரும். எனக்கே தெரியாது.

ஃபைலைக் கொடுத்து அனுப்பு. டாக்டருக்கு வேணும். அவருக்கு வேண்டாம்னாலும் எனக்கு வேணும்.

---

ஜூலை 25, சாயங்காலம்

இதோ ஃபைல். நூல் கட்டு ரெண்டு, சேத்துப் பிடிக்கச் சொல்லு, கனம் அதிகம்.

நான் எதையும் எடுத்து வெச்சுக்கலை. ஒண்ணை எடுக்கலாம்னு கை போச்சு. நீ பாப்ப. பாத்துட்டு என்ன வேணா சொல்லு.

ரெண்டுன்னு எழுதினது நான்தான். அந்தக் கடைசி லெட்டரை எழுதறப்ப எனக்கு ஒரு நொடி உறுத்துச்சு, குள்ளம்னா அளவு குறைச்சலா இருக்குமோன்னு. கடைக்காரர்கிட்ட கேட்டுக்கோன்னு எழுதியிருந்தா போதும். ஆனா நீ என்னைக் கேக்காம கடைக்காரனைக் கேக்கற ஆளாயிடுவியேன்னு இருந்துச்சு. இவ்ளோ அல்பமா ஒருத்தன் யோசிப்பானான்னு கேக்காத. யோசிச்சேன்.

பெஞ்சுலயே இருக்கேன். எங்கயும் போகலை.

---

ஜூலை 26, காலை

அண்ணா,

நீ எடுக்கப் பாத்தது எதுன்னு தெரிஞ்சுடுச்சு. குழந்தைங்க ஆஸ்பத்திரில எனக்குப் பதினாறு முடிஞ்சப்ப கொடுத்த கேள்வித்தாளோட ஜெராக்ஸ். "பெரியவர் மருத்துவமனைக்கு மாறும் இளையவர் தானே நிரப்ப வேண்டியது"ன்னு மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இந்தப் பேப்பரை நான் பாத்ததே இல்ல. உங்கள் மருந்துகளின் பெயரும் அளவும் உங்களுக்குத் தெரியுமா? ஆம். மருத்துவரிடம் தனியாகப் பேசியிருக்கிறீர்களா? ஆம். மாத்திரை தீரும் முன் நீங்களே வாங்குவீர்களா? ஆம். பன்னெண்டு கேள்வி, பன்னெண்டு ஆம், எல்லாம் உன் கையெழுத்து. கீழ என் பேரைக் கூட நீயே போட்டிருக்க.

முதல்ல ஃபைலைத் தூக்கி எறியலாம்னு வந்துச்சு. அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன். ஆயா பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாங்க. டாக்டரம்மா அந்தப் பேப்பரை நம்பித்தான் என்னை அனுப்பி வெச்சிருக்காங்க. எனக்கு என்ன தெரியாதுன்னு ஒருத்தருக்கும் தெரியவிடாம பண்ணிட்ட. நீ கெட்டவன் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம் போகலை, இப்போதைக்குப் போகாது. நானும் ஒழுங்கு இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது மாடி ஏறி வந்து, அந்த அட்டையைக் காட்டுன்னு கேட்டிருக்கலாம். சௌகரியமா இருந்துச்சு, கேக்கலை.

டாக்டரம்மா எழுதின மாற்றல் கடிதம் நாலு பக்கம் இருக்கு. அதுல ரெண்டாவது பக்கத்துல எல்லா மாத்திரையோட பேரும் அளவும் தெளிவா இருக்கு. ஜூன்லயே இது என் கையில இருந்திருந்தா நான் இங்க படுத்திருக்க மாட்டேன். இதைத் திட்டறதுக்காக எழுதலை. நடந்தது இது, நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியணும்.

உன் பேர்லயும் நாலு பக்கம் இருக்கு. கிட்னி கொடுத்தவர் வருஷா வருஷம் ரத்தம் பாக்கணும்னு போட்டிருக்கு. மூணு வருஷம் பாத்திருக்க. அப்புறம் ஆறு வருஷமா ஒண்ணும் இல்ல. என் தண்ணியை டம்ளர் டம்ளரா எண்ணினவன் இதை எப்படிடா விட்ட? எனக்குச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, அது உன் உடம்பு. ஆனா போய்ப் பாரு.

ராத்திரி சாப்பிட வேண்டியதை நேத்து நர்ஸ் சொல்றதுக்கு முன்னாடி நானே சொன்னேன். பேரோட, அளவோட. ஒரு இடத்துல தப்பு வந்துச்சு, திருத்தினாங்க.

ரிசல்ட் இப்பத்தான் வந்துச்சு. மருந்து கேட்டுடுச்சு. 1.6. இன்னும் கொஞ்சம் இறங்கலாம், ஆனா பழைய 1.1க்கு இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீ கொடுத்ததுல கொஞ்சம் போயிடுச்சு, அண்ணா. அது திரும்பாது. இதை உனக்கு வேற யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் படிவத்தை மாத்தாம வெச்சிருந்தேன். நானே சொல்லணும். சொல்லிட்டேன்.

இப்பப் படிவத்துல உன் பேரை எழுதிக் கொடுத்துட்டேன். மேல வா, மூணாவது மாடி. பதினோரு மணிக்கு டாக்டர் வருவார். எப்படி இருக்கன்னு கேப்பார். நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் தப்பா ஏதாவது சொன்னா மட்டும் திருத்து. இல்ல, தப்பா சொன்னாலும் பேசாத. பக்கத்துல இரு.